கேபினுக்கும் பாடிக்கும் நடுவில்: பாறசாலைச் சாலையோரப் பட்டறைத் தொழிலின் வரலாறு

பழைய பிக்கப் வண்டியைப் புதுப்பிக்கும் வேலையில், ஓட்டுநர் அமரும் கேபினையும் சரக்கு ஏற்றும் லோடு பாடியையும் ஒரே நேரிலும் ஒரே மட்டத்திலும், நடுவிலுள்ள இடைவெளி மேலும் கீழும் இடமும் வலமும் சமமாக நிற்கும்படி சேசிஸின்மேல் உட்காரவைப்பதே மிகுந்த பொறுமையைக் கேட்கும் கட்டமாகும். சேசிஸ் என்பது முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு நீண்ட எஃகுச் சட்டங்களும், அவற்றை ஏணிப்படிகளைப் போலப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்த அடிச்சட்டம். எஞ்சினும் அச்சுகளும் அதிலேயே தொங்குகின்றன. கேபினும் பாடியும் அதன்மேல் தனித்தனியே அமர்கின்றனவே தவிர ஒன்றோடொன்று பிணைக்கப்படுவதில்லை என்பதால், அவற்றுக்கு நடுவில் விடப்படும் விரலளவு வெற்றிடம் கட்டியவரின் குறையன்று, வண்டி உயிரோடு இருப்பதற்கு வேண்டிய இடம்.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே பாப்பனங்கோடு, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, இஞ்சிவிளை என்று இறங்கி, களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழையும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில், தமிழும் மலையாளமும் கலந்து பேசும் தொழிலாளரிடம் இந்த அறிவு எவ்வாறு வந்து சேர்ந்தது என்ற கேள்விக்கு விடை தேடுபவர், பிக்கப் வண்டியில் தொடங்கினால் வழி தவறுவார். இங்குள்ள பாடி கட்டும் தொழில் பிக்கப்பைவிட மூத்தது; அதன் அளவைச் சொற்கள் மோட்டாரைவிடவே மூத்தவை.

உருளும் அடிப்பாகம் வேறு, ஆள் அமரும் கூடு வேறு என்ற எண்ணம் இந்தப் பகுதியில் பரவலாக அறிமுகமானது வில்லுவண்டியின் வழியாக எனலாம். கட்டைவண்டியில் பலகைத் தளம் நேரே அச்சின்மேல் ஏறி நிற்க, வில்லுவண்டியிலோ அச்சுக்கும் கூட்டுக்கும் நடுவில் வளைந்த எஃகுப் பட்டைகள் இருந்து அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன. வண்டியின் பெயரிலுள்ள ‘வில்’ அந்தப் பட்டைகளையே குறிக்கிறது, இன்றைய லாரிகளின் அடியிலிருக்கும் பட்டை வில்லும் அதே இனத்தைச் சேர்ந்தது. கூடு வில்லின்மேல் மிதக்கத் தொடங்கிய நாளிலிருந்தே, அது ஒரு பக்கம் சாயாமல் அச்சின் நடுவில் நேராக நிற்க வேண்டும் என்ற புதிய கவலை ஆசாரிக்கும் கொல்லனுக்கும் ஏற்பட்டது. நெய்யாற்றின்கரைப் பகுதியைச் சேர்ந்த வெங்கானூரில் பிறந்த அய்யன்காளி (1863–1941), ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுவழியில் 1893ஆம் ஆண்டு ஓட்டிச் சென்றது இத்தகைய வில்லுவண்டியைத்தான். அந்நிகழ்வு சமூக வரலாற்றில் பெற்ற இடம் பெரிது. தொழில் வரலாற்றை எழுதுபவருக்கும் அது ஒரு செய்தியைத் தருகிறது: மதிப்பைச் சுமந்து நிற்கும் பொருளாக வண்டி அந்நாளிலேயே இந்த மண்ணில் மாறியிருந்தது.

ஆசாரிகள் கொண்டுவந்த அளவைகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, 24 விரல் கொண்ட கோல். ஏறக்குறைய 72 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்த அளவே கேரளத் தச்சு மரபில் வீடும் கோயிலும் கட்டப் பயன்பட்டது. மற்றொன்று நூல். ஓர் அங்குலத்தை எட்டாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். எல்லையின் இரு பக்கத்திலும், இரு மொழியிலும் அதே சொல். நேர்க்கோடு பார்க்க இழுத்துக் கட்டும் கயிறும் நூல்தான் என்பதால், ‘நூல் பிடித்து, நூல் கணக்கில் சரிசெய்வது’ என்னும் வேலைவிவரத்தில் ஒரே சொல் கருவியாகவும் அளவாகவும் இருமுறை வருகிறது. மீட்டர் முறையைக் கட்டாயமாக்கிய எடை, அளவைச் சட்டம் 1956ஆம் ஆண்டின் இறுதியில் நிறைவேறிய பிறகும் பட்டறைப் பேச்சிலிருந்து இந்த நூல் அறுபடவில்லை.

மோட்டார் காலத்தில் இந்தச் சாலைக்கு வந்த பெரும் மாற்றம் 1938ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்து. லண்டன் பயணியர் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ. ஜி. சால்ட்டர் 1937ஆம் ஆண்டு செப்டம்பரில் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டார். இங்கிலாந்திலிருந்து பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய 60 கோமர் சேசிஸ்கள் தருவிக்கப்பட்டன. வந்தவை முழுமையான பேருந்துகள் அல்ல, உடற்கூடு இல்லாத அடிச்சட்டங்கள். திருவனந்தபுரத்தின் சாக்கையிலிருந்த பணிமனையில், சால்ட்டரின் மேற்பார்வையில், துறையின் தொழிலாளரே அவற்றுக்குப் பாடி கட்டினர். 1938 பிப்ரவரி 20 அன்று மகாராஜா சித்திரைத் திருநாள் பலராம வர்மா சேவையைத் தொடங்கிவைக்க, அவர் ஏறிய முதல் பேருந்தைச் சால்ட்டரே கவடியார் வரை ஓட்டினார். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிய வழித்தடமே முறையான ஓட்டத்தின் தொடக்கமாக அமைந்தது. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் அந்த வழியிலேயே இருந்தன.

பேருந்துப் பாடிக்கும் பிக்கப்பின் பாடிக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு வடிவத்தில் இல்லை, வேலைமுறையில் இருக்கிறது. கடல் கடந்து வந்த எஃகுச் சட்டம், அதன்மேல் உள்ளூர்க் கை கட்டும் கூடு, இரண்டையும் இணைக்கும் யு வடிவப் போல்ட்டுகள், நடுவில் மரப் பேக்கிங் என்ற ஏற்பாடு சாக்கையில் ஒரு பெரும் பயிற்சிக்களமாகவே நடந்தது. சென்னையில் 1840ஆம் ஆண்டு தொடங்கிய சிம்சன் நிறுவனம் குதிரை வண்டிகளைக் கட்டி, அதே கைத்திறனோடு மோட்டார் பாடிகளுக்கு நகர்ந்ததைப் போன்ற மாற்றம், திருவிதாங்கூரில் அரசின் பணிமனை வழியாக நிகழ்ந்தது எனலாம். பின்னாளில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மையப் பணிமனை நெய்யாற்றின்கரைச் சாலையிலுள்ள பாப்பனங்கோட்டில் அமைந்தது.

சரக்கு வண்டிகளின் கதையும் நெடுங்காலம் இப்படியே ஓடிற்று. 1945இல் நிறுவப்பெற்று 1947இல் ஜீப்பை ஒருங்கிணைக்கத் தொடங்கிய மகிந்திரா, 1954இல் டைம்லர்-பென்ஸ் கூட்டுடன் லாரி உற்பத்தியில் இறங்கிய டாட்டா, 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955இல் பெயர் மாறிய அசோக் லேலண்ட் ஆகியவற்றின் காலத்தில், சரக்கு வண்டி பெரும்பாலும் சேசிஸாகவே விற்கப்பட்டது. எஞ்சினுக்குப் பின்னால் முகத்தகடு மட்டும் நிற்க, வண்டியை வாங்கியவரே கேபினையும் பாடியையும் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே, கேபினும் பாடியும் நேராக நிற்பது என்ற சிக்கல் இங்கே பழுதுபார்க்கும் வேலையாக அன்று, பிறப்பிக்கும் வேலையாகவே முதலில் அறியப்பட்டது. தேக்கும் அயினியும் நிறைந்த நாட்டில் மரத்தின் போக்கறிந்த ஆசாரி இரண்டையும் ஒரே கோலால் அளந்து ஒரே வாரத்தில் கட்டினார் என்றால், அவை பொருந்தாமல் போக இடமேது? பொருத்தமின்மை தோன்றியது, ஒருவர் கட்டிய கேபினுக்குப் பின்னால் இருபது ஆண்டு கழித்து மற்றொருவர் வேறு பாடியை ஏற்றியபோதுதான்.

இதில் அமெரிக்க வரலாறு ஒப்பிடத் தகுந்தது. ஃபோர்டு நிறுவனம் 1925ஆம் ஆண்டு மாடல் டி வண்டியைத் தொழிற்சாலையிலேயே பொருத்திய பிக்கப் பாடியுடன் விற்கத் தொடங்கும் வரை, அங்கும் விவசாயிகள் உள்ளூர்த் தச்சரிடமே சரக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டனர். அதன் பின்னும் முப்பது ஆண்டுகள் பெட்டி கேபினைவிட ஒடுங்கியதாக, சக்கரக் காப்புகள் வெளியே புடைத்து நிற்க அமைந்திருந்ததால், இரண்டும் சற்றே விலகி நின்றாலும் கண் அதைக் கண்டுபிடிக்காது. 1955இல் செவ்ரலேயின் கேமியோவும் 1957இல் ஃபோர்டின் ஸ்டைல்சைடும் பாடியின் பக்கச்சுவரைக் கேபினின் பக்கத்தோடு ஒரே தளத்துக்குக் கொண்டுவந்தன. கதவில் தொடங்கிய மடிப்புக் கோடு பாடியிலும் தொடர வேண்டிய நிலை வந்தபோதுதான் இரண்டு நூல் விலகல் தெருவில் போவோருக்கும் தெரியும் குற்றமாயிற்று. இடைவெளியையே ஒழித்துவிடலாம் என்று எண்ணிய ஃபோர்டு, 1961 முதல் 1963 வரை கேபினும் பெட்டியும் ஒரே கூடாக இணைந்த பிக்கப்பைச் செய்து பார்த்துக் கைவிட்டது. பாரமேறிய சட்டம் முறுகும்போது அதனோடு சேர்ந்து முறுக முடியாத கூட்டில் கதவுகள் இறுகிக்கொண்டன என்பதே அவ்வண்டியைப் பற்றி நிலைத்த புகார். தனித்தனியே அமர்த்துவதன் காரணத்தை இதைவிடத் தெளிவாக எந்த விளக்கமும் காட்டிவிடாது.

மகிந்திரா 1960களில் உருவாக்கிய எஃப்சி-150, இந்தப் பகுதியின் நோக்கில் தனிக் கவனத்துக்குரியது. அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தின் மூல வடிவைப் பின்பற்றிய இவ்வண்டியில் எஞ்சின் இருக்கைகளின் நடுவில் அமர, கேபின் முன்னச்சின் மேலேயே ஏறி நின்றது. மூல வடிவில் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் 81 அங்குலம்தான். மூக்கு இல்லாத உயரமான கேபினும் குட்டையான அடியும் சேரும்போது, கேபின் அடியில் ஒரு நூல் சாய்ந்தால் உச்சியில் அது பல மடங்காகிப் பாடியின் முன்சுவரை நெருங்கிவிடும். மூக்குள்ள வண்டிகளில் மறைந்துகொண்ட பிழையை இவ்வகை வண்டி மறைக்கவிடாது.

புதுப்பிக்கும் வேலையின் நடைமுறையைச் சற்று விரிவாகவே பதிவு செய்தல் வேண்டும், ஏனெனில் அது எழுத்தில் நின்றதைவிடக் கையில் நின்றதே அதிகம். முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சட்டத்தின் நுனிகளில் அன்று, அச்சுகளின் கீழே முட்டுக் கொடுக்கிறார்கள். நுனியில் முட்டுக் கொடுத்தால் சட்டம் தன் எடையிலேயே வளைந்து பொய்யளவு காட்டும். பிறகு சட்டத்திலுள்ள தொழிற்சாலைத் துளைகளிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் புள்ளிகளைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்து, அந்தப் புள்ளிகளின் மூலைவிட்டங்களைக் குறுக்கும் மறுக்கும் அளக்கிறார்கள். இரண்டு மூலைவிட்டங்களும் சமமென்றால் சட்டம் சதுரம் குலையவில்லை. வேறுபட்டால், ஒரு பக்கச் சட்டம் மோதலில் பின்னோக்கித் தள்ளப்பட்டிருக்கிறது என்று பொருள். நான்கு மூலைகளிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் முறுக்கலும் வெளிப்படும். இந்தச் சோதனையைச் செய்யாமல் தகட்டிலிருந்து தகட்டை அளந்து சரிசெய்பவர், கோணலான சட்டத்தின்மேல் நேரான தோற்றத்தை ஒட்டவைக்கிறார். சில மாதங்களில் போல்ட் தளர்ந்து கோணல் வெளியே வந்துவிடும். அளவு எப்போதும் சட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. அஸ்திவாரத்திலிருந்து சுவரை அளக்கும் ஆசாரிக்கு அதைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை.

அடுத்து கேபின். கேபினைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் ஆண்டுக்கணக்கில் நசுங்கி, பெரும்பாலும் பின்பக்கத்தவை அதிகம் தேய்ந்திருக்கும். அதனால் கேபின் பின்னோக்கிச் சாய, இடைவெளி கீழே அகன்றும் மேலே குறுகியும் தோன்றும். இதைக் கண்டவுடன் பாடியை நகர்த்துவது அனுபவமில்லாதவர் செய்யும் தவறு. தேய்ந்த ரப்பரை மாற்றி, தேவையான இடத்தில் மெல்லிய பேக்கிங் தகடுகளைச் செருகி, போல்ட்டுகளை முறுக்குமுன் இரு கதவுகளையும் மாட்டி மூடிப் பார்க்கிறார்கள். கேபினின் ஒரு மூலையை இரண்டு நூல் உயர்த்தினாலே கதவுச்சட்டத்தின் வடிவம் மாறி, பூட்டு கொக்கியில் விழாது. கதவுகள் ஒத்துக்கொண்ட கேபினே நிலைத்த அளவுகோல் ஆகிறது, அதைப் பின்பற்றியே பாடி அமர வேண்டும்.

பாடியைத் தளர்ந்த போல்ட்டுகளோடு உட்காரவைத்து, முன் மட்கார்டிலிருந்து கதவின் மடிப்பு வழியாகப் பாடியின் பின்மூலை வரை இரு பக்கமும் நூல் இழுத்துக் கட்டும்போதுதான் கண்ணின் வேலை தொடங்குகிறது. நூல் எங்கே தகட்டைத் தொடுகிறது, எங்கே விலகி நிற்கிறது என்பதைப் பார்த்து, பாடியைக் கடப்பாரையால் நெம்பி ஒரு நூல், அரை நூல் என்று தள்ளுகிறார்கள். இடைவெளியின் மேற்பகுதியில் மட்டும் சற்றுத் தாராளம் காட்டுவது நன்று. பாரம் ஏறும்போது சட்டம் அச்சுகளுக்கு நடுவில் சிறிதே தாழ, கேபினின் உச்சியும் பாடியின் உச்சியும் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். வெறும் வண்டியில் அழகாகத் தெரிந்த ஒடுங்கிய கோடு, செங்கல் ஏற்றிய வண்டியில் பெயிண்டை உரசித் தின்றுவிடும். கடைசியில் போல்ட்டுகளை ஒரு முனையிலிருந்து வரிசையாக முறுக்காமல் குறுக்காக மாறி மாறி முறுக்குகிறார்கள். ஒரு பக்கமே முறுக்கினால், நூல் பிடித்துப் பெற்ற நேர்மை அந்த முறுக்கலிலேயே நகர்ந்துபோகும்.

மரப் பேக்கிங்கைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். சட்டத்துக்கும் பாடியின் நீளக்கட்டைக்கும் நடுவில் வைக்கும் பலகை, எஃகும் எஃகும் உரசாமல் காப்பதோடு முறுக்கலையும் ஓரளவு வாங்கிக்கொள்கிறது. கேபினுக்குப் பின்னால் நீளக்கட்டை திடீரென முடிந்தால் பாரத்தின் அழுத்தம் முழுதும் அந்த ஒரு புள்ளியில் குவிந்து, சட்டம் அங்கேயே விரிசல் காணும். ஆகவே கட்டையின் முன்நுனியைச் சரிவாகச் சீவி மெலிக்கிறார்கள். சட்டத்தின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் துளையிடுவதும் வெல்டிங் வைப்பதும் அதை வலுவிழக்கச் செய்யும் என்பதாலேயே, துளை வேண்டாத யு போல்ட் இத்தொழிலில் இத்தனை மதிப்புப் பெற்றது.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நனைக்கும் கடலோர நாட்டில், சட்டம் தாங்கினாலும் தகடு தாங்குவதில்லை. கேபினின் பின்சுவர் அடியிலும் பாடியின் முன்சுவர் அடியிலும், அதாவது அந்த இடைவெளியின் இரு கரையிலும், தெறிக்கும் சேறு தங்கித் துரு முதலில் பிடிக்கிறது. அங்கே புதுத் தகடு வெட்டி ஒட்டும் டிங்கரிங் தொழிலாளி, மூலத் தகட்டை அறுக்குமுன் அளவுகளைக் குறித்து, உள்ளே குறுக்குக் கம்பிகளை முட்டாகக் கொடுத்துவிட்டால் கேபின் வடிவம் கலையாது.

மொழிவாரி மாநிலச் சீரமைப்பில் 1956 நவம்பர் 1 அன்று வரையப்பட்ட எல்லை இந்தத் தொழிலைத் தொட்ட விதம் வேறு. தமிழ்நாட்டோடு சேர்க்கும்படி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதுவரை ஒரே அரசின் இரு தாலுகாக்களைப் பிரித்த கோடு இரு மாநிலங்களின் கோடாயிற்று. ஆசாரியும் கொல்லனும் கோட்டைக் கடந்து வேலை செய்வதற்குத் தடையேதும் இல்லை. ஆனால் வண்டிக்குப் பதிவும் வரியும் பெர்மிட்டும் உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி மற்றொன்றில் பன்னிரண்டு மாதத்துக்குமேல் தங்கினால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். இன்று பாறசாலைக்குக் கேஎல்-19, நெய்யாற்றின்கரைக்குக் கேஎல்-20, எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டத்துக்கு டிஎன்-75 என்று எண்கள் பிரிந்து நிற்க, சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் பட்டறைகள் பேசும் நூல் கணக்கு ஒன்றாகவே இருக்கிறது.

1986இல் வந்த டாட்டா 407, அதைத் தொடர்ந்து 1988இல் வந்த டாட்டாமொபைல் பிக்கப் ஆகியவற்றோடு, தொழிற்சாலையிலேயே அழுத்தி உருவாக்கிய இரும்புக் கேபின் வழக்கமாகி, ஆசாரியின் பங்கு பாடியளவில் சுருங்கிற்று. எல்லா வகைச் சிறு சரக்கு வண்டிக்கும் ‘டெம்போ’ என்றே பெயர் வழங்கும் இந்த வட்டாரத்தில், அந்த டெம்போக்களின் மரப்பாடி இரும்புப் பாடியாக மாறியதும் இதே காலத்தில்தான் விரைவுபெற்றது.

புதுப்பித்தல் என்ற சொல்லுக்குச் சட்டம் இன்று தரும் பொருளை இந்த வரலாற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த கூறுகளிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரி 9 அன்று, கேரளத்திலிருந்து சென்ற வழக்கில், உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு வெளியிட்ட விதிகள், 50 ஆண்டுக்கு மேற்பட்ட, சொந்தப் பயன்பாட்டு இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் தந்து, சேசிஸிலும் உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெருமாற்றம் செய்யப்படாதிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தன. வணிகப் பயன்பாட்டிலுள்ள சரக்கு வண்டி இந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது. மேலும், சேசிஸாக மட்டுமே விற்கப்பட்டு நெய்யாற்றின்கரையிலோ மார்த்தாண்டத்திலோ கூடு பெற்ற வண்டிக்கு மூல உடற்கூடு எது? தொழிற்சாலை வரைபடத்தில் அதற்குக் கேபினும் இல்லை, பாடியும் இல்லை. முதல் ஆசாரி கட்டிய மரக்கூடே அதன் மூல வடிவம் என்று ஏற்பதே வரலாற்றுக்கு நேர்மையானது. பழைய வண்டிகளை மதிக்கும் விதிகள் இந்த உண்மைக்கு இடம்தர வேண்டும்.

அந்த முதல் கூட்டைக் கண்டறிய ஆவணம் வேண்டுமென்றால், அது சேசிஸிலேயே இருக்கிறது. துருவைச் சுரண்டி எடுத்த சட்டத்தின் பக்கத்தகட்டில், தொழிற்சாலை இட்ட துளைகள் ஒழுங்கான இடைவெளியில் நிற்க, அவற்றுக்கு நடுவே கையால் துளைத்த ஓட்டைகள் ஒழுங்கற்ற வரிசைகளாகத் தோன்றும். ஒவ்வொரு வரிசையும் ஒவ்வொரு பாடி. யு போல்ட் இறுகிய இடங்களில் விளிம்பு நசுங்கிய தழும்பும், மரப் பேக்கிங் உரசிய இடங்களில் எஃகு மெருகேறிய பட்டையும் இருக்கும். தேர்ந்த கை இந்த வரிசைகளை அங்குலத்திலும் நூலிலும் அளந்து, அவற்றுள் மிகப் பழையதைத் தேர்ந்து, புதிய பாடியின் குறுக்குக்கட்டைகளை அந்த இடங்களுக்கே கொண்டுவந்து அமர்த்துகிறது. கேபினுக்குப் பின்னால் முதல் ஆசாரி விட்ட இடைவெளி எத்தனை நூல் என்பது அப்போது தானே திரும்பக் கிடைக்கிறது.